கூட ஒரு பிழை

நாய்களுக்கு தோல் நோய் சிகிச்சை பிரிவு. ஒரே வரியில மூணு ஒற்றெழுத்தை முழுங்கியிருக்கான் போர்டு எழுதினவன். த் வேணும், ச் வேணும், ப் வேணும். யாருகிட்டச் சொல்ல? இந்தக் கால்நடை ஆஸ்பத்திரியில வந்து உக்காந்ததுலேருந்து கண்ணு அதுலயே போய் முட்டுது. ஆயுசு பூரா சிவகாசியில காலண்டர் அச்சாபீஸ்ல புரூஃப் பார்த்த கண்ணு, சும்மா இருன்னா இருக்குமா. புள்ளி, அசையாம இரு. அரிக்குதா? அரிக்கத்தான் செய்யும். பின்னங்காலைத் தூக்கி வயித்தைச் சொறிய வருது, நான் கயித்தைச் சுண்டுதேன், என்னைய ஒரு பார்வை பார்த்துட்டுக் காலைக் கீழ வைக்குது. வயித்துல ரோமம் உதுந்து, சீழ்க்கொப்புளம் உடைஞ்சு உடைஞ்சு வட்டம் வட்டமாச் செதில் கட்டிப்போய் இருக்கு. வெள்ளை நாய், நெத்தியில மட்டும் கறுப்பா ஒரு பொட்டு. ஒரு மழையில கேட்டுக்கு வெளிய நின்னு நடுங்கிட்டிருந்ததை வடிவுதான் உள்ள கூப்பிட்டா, பேரு வச்சது நான். மெய்யெழுத்துக்குத் தலையில வைப்போம்லா, அந்தப் புள்ளி. வடிவு எம் பொண்டாட்டி. நெஞ்சுல அடைப்புன்னு அவளுக்கு ஆபரேஷன் பண்ணினாவ. நெஞ்சைத் திறந்து மூடினது கூட ஆறிட்டு. அங்க வச்சுத் தைக்க ரத்தக்குழாய் வேணும்னு கெண்டைக்கால்ல நீளமாக் கீறி எடுத்தாவ, அந்தக் கீறல்தான் ஆறமாட்டேங்குது. நீர் வடியுது, சீழ் வைக்குது, தினமும் நான்தான் கட்டு மாத்துதேன், மருந்தை மாத்தி மாத்திப் பார்த்தாச்சு. பெரிய டாக்டர் போன தடவை கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு, ‘வீட்டுல நாய் பூனை ஏதும் இருக்கா’ன்னு கேட்டாரு. வடிவு இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தா. அதுக்குள்ள நான் இருக்குன்னுட்டேன், அதுக்கும் உடம்புல கொப்புளம்னுட்டேன். அவ்வளவுதான், ஓசூர்லேருந்து மகன் சிவசைலம் போன் மேல போன். ‘சீக்கைக் கொடுத்தது எதுவோ அதை முதல்ல வீட்டை விட்டு அனுப்புங்கப்பா.’ தெருநாயை வச்சுப் பார்க்கிற இடம் ஒண்ணுல பேசி வேனுக்கும் சொல்லிட்டான். நாளைக் காலையில வேன் வருது. புள்ளியை அதுல ஏத்தணுமா வேண்டாமாங்கிறதை இன்னைக்கு இங்க டாக்டர் ஷமீலா சொல்லப்போற ஒரு வார்த்தைதான் முடிவு பண்ணும்.

ஷமீலா சின்னப் பிள்ளைதான், மேலப்பாளையத்துக்காரி, தோல் சீக்கு வந்த நாய்கள் மேல என்னென்ன கிருமி குடியிருக்குன்னு ஆராய்ச்சி பண்ணுதா. முதல் தடவை வந்தப்போ ஒரு கூத்து. டாக்டர்கிட்டப் போறோமே, அழுக்கோடவா போறதுன்னு புள்ளியைச் சோப்புப் போட்டு, டெட்டால் கலந்த தண்ணியில அலசி, துவட்டி, வயித்துக்குப் பவுடர் வேற அப்பிக் கூட்டிட்டு வந்தேன். பஞ்சுக் குச்சியைக் கையில வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை தலையில அடிச்சுக்கிட்டா. ‘சார், நான் கைரேகை எடுக்க வந்தா நீங்க வீட்டையே கழுவித் துடைச்சு வச்சிருக்கீங்களே.’ என்னையத் தனியாச் சொல்லலை. வரிசையில நின்ன அத்தனை நாயும் குளிச்சுட்டுத்தான் வந்திருக்கு. ஒண்ணுக்குச் சந்தனம், ஒண்ணுக்கு வேப்பெண்ணெய், ஒரு அல்சேஷன் கழுத்துல புதுத் துண்டு. நம்ம ஊருல டாக்டர்னா கோயிலு மாதிரிதானே, குளிக்காம வாசப்படி மிதிப்போமா. ‘ஒரு வாரம் தண்ணி படக்கூடாது, மருந்தும் படக்கூடாது, அப்படியே கூட்டிட்டு வாங்க’ன்னா. அந்த ஒரு வாரம் வீட்டுல இருந்த நாத்தம் இருக்கே! நான் மூக்கைப் பொத்திக்கிட்டு அலைஞ்சேன், வடிவு கட்டில்ல படுத்த மேனிக்கு, ‘நாறினா நாறட்டும், அது இங்கயே கிடக்கட்டும்’னா. கட்டிலுக்குக் கீழயேதான் கிடந்துச்சு. தொங்குற கையை நக்குறது, இவ காதைத் தடவுறது. காலையும் நக்கியிருக்குமோ? நான் பார்க்கலை. நான் பார்க்காத நேரமும் இருக்குல்லா. கடைக்குப் போற நேரம், குளிக்கிற நேரம், கண்ணசர்ற நேரம். தொத்துச் சீக்குக்கு ஒட்டுவாரொட்டின்னு ஒரு சொல்லு இருக்கு, ஒட்டுறவங்களை ஒட்டுறது. எவன் வச்சானோ தெரியலை, ஆளைத் தெரிஞ்சுதான் வச்சிருக்கான். ஒட்டாதவனுக்கு ஒண்ணும் வராது. தூர இருந்து போன்ல பேசுறவனுக்கு வராது. சீச்சீ, மகனைப் போயி. அவனுக்கும் பயம், அம்மா மேல உள்ள பயம், அங்க இருந்துக்கிட்டு வேற என்னத்தச் செய்வான்.

அந்தக் கிருமிக்கு ஒரு பேரு சொன்னா ஷமீலா. ஸ்டஃபைலோகாக்கஸ். ‘ஸ்டெபைலோ’ன்னு எழுதுறதா, ‘ஸ்டாபிலோ’ன்னு எழுதுறதான்னு கேட்டேன், இப்போ அதுவா முக்கியம்னு பார்த்தா. திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமாம். எல்லா நாய் மேலயும் இருக்கும், மனுஷன் மூக்குக்குள்ளயும் இருக்கும், நாம நல்லா இருக்கிற வரைக்கும் அதுவும் சிவனேன்னு இருக்கும். பேரு ஒண்ணுதான், வம்சம்தான் ஆயிரம். பேட்டையில ஒரு நாய்கிட்ட இருக்கிறது ஒரு மாதிரி, சமாதானபுரத்து நாய்கிட்ட வேற மாதிரி, ஒரே வீட்டுல வளர்ற ரெண்டு நாய்கிட்டயே வேற வேற கிடந்துச்சாம். எப்படிம்மா தெரியும்னு கேட்டதுக்கு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினா. திரை பூரா எழுத்து, கிருமியோட மரபணுவாம். நாலே எழுத்து, அதுவே திரும்பத் திரும்ப, வரி வரியா, பத்தி பிரிக்காம, ஒரு கமா கூட இல்லாம. எனக்கு அப்படியே உடம்பு நிமிந்துட்டு. புரூஃப்! இவ பார்க்கிறதும் புரூஃப்தான். மேல ஒரு நாயோட வரி, கீழ இன்னொரு நாயோட வரி, எங்க ஒரு எழுத்து மாறுதோ அங்க சிவப்பு. ‘கிருமி ஒண்ணு ரெண்டாப் பெருகும்போது இதை முழுசாப் பார்த்து எழுதணும் சார். எழுதும்போது எங்கயாவது ஒரு எழுத்து தப்பும். அந்தத் தப்போடயே அடுத்தது எழுதும்.’ ‘பாடபேதம்’னேன். ‘என்னது?’ன்னா. ஏட்டுக்கு ஏடு மாறுற எழுத்து, விடும்மான்னுட்டேன். நாத்தம் பிடிச்ச நாயோட ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்துக்கிட்டு இதுக்கு ஒருத்தன் சந்தோஷப்படலாமா? பட்டேன். வீட்டுல ஒருத்தி காலை நீட்டிக்கிட்டுப் படுத்துக் கிடக்கா, இவன் எழுத்துப் பிழையைப் பார்த்துப் பூரிச்சுப்போய் உக்காந்திருக்கான்.

உள்ள ஏதோ ஒரு நாய் ஊளையிடுது. புள்ளி காதைத் தூக்கிட்டு எம் முழங்கால்ல தாடையை வைக்குது. வைக்காதே. இப்போ நீ தாடையை வைக்காதே. உன்னையப் பத்தி நான் என்ன நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சா நீ வைக்கமாட்டே. நேத்து வடிவு தூங்கின பொறவு சாமி படத்துக்கு முன்னால நின்னு என்ன வேண்டினேன் தெரியுமா? நாயா இருக்கணும், நாய்கிட்டேருந்துதான் வந்திருக்கணும். வெக்கமா இருக்கு, ஆனா அதைத்தான் வேண்டினேன். நீயா இருந்துட்டா கணக்கு லேசு. உன்னைய ஏத்தி விட்டுட்டா, வீட்டைக் கழுவி விட்டுட்டா, போர்வையை வெந்நியில போட்டுட்டா புண்ணு ஆறிரும். அழுவா, ஒரு மாசம் எங்கூடப் பேசமாட்டா, இருந்தாலும் உசிரோட இருந்துதானே பேசாம இருப்பா. நீ இல்லைன்னா? நீ இல்லைன்னா அது எங்கேருந்து வந்துச்சு, அதை எங்க ஏத்தி அனுப்ப, எந்த வேன் வரும் அதுக்கு? பெரிய டாக்டர் மெதுவாத்தான் சொன்னாரு, ரத்தத்துல கலந்துட்டா தச்ச இடம் வரைக்கும் போயிரும்னு. தச்ச இடம்னா நெஞ்சு. அவ காதுல விழாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தா. காதுல விழுந்திருக்கு, ஆட்டோவுல வரும்போது எங் கையைப் பிடிச்சுக்கிட்டா. நடுரோட்டுல கையைப் பிடிக்கிறவளா அவ? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாவ. எனக்குப் பழியைப் போட ஒரு இடம் வேணும், வாயில்லாதது நீ வாகா அகப்பட்டுட்டே. ஆனா நீயாத்தான் இருக்கணும்டா, கோவிச்சுக்கிடாதே, நீயாவே இரு. இன்னைக்குக் காலையில நான் கிளம்பும்போது அவ என்ன சொன்னான்னு நீயும் கேட்டேல்லா. ‘அதால எனக்கு வந்துச்சுன்னா வந்துட்டுப் போகட்டும், நான் தாங்கிக்கிடுவேன். என்னால அதுக்கு வந்துச்சுன்னு மட்டும் வந்து சொல்லிராதீங்க.’ கூறு கெட்டவ. எல்லாரும் தப்பிக்க வழி பார்த்தா இவ மாட்டிக்கிட வழி பார்க்கா.

மூணு ஒற்று. பெயிண்டும் தூரிகையும் இருந்தா நானே ஏறி எழுதிருவேன். பிழைன்னா மட்டம்னு நினைக்கான் எல்லாவனும், பிழை மாதிரி உண்மை பேசுறது எதுவும் கிடையாது. ஒரு வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு எங்க கம்பெனி புதுக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டு, ஐப்பசி பிறக்கல, இன்னொருத்தன் காலண்டர் கடைக்கு வந்துட்டு. நம்ம முதலாளி அதைத் தூக்கி எம் மேசையில எறிஞ்சாரு. ‘வே, இவன் நம்மளைக் காப்பியடிச்சிருக்கான்னு நான் சொன்னா, நீங்கதான் எங்களைக் காப்பியடிச்சீங்கன்னு அவன் சொல்லுதான். பாத்துச் சொல்லும்.’ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத் தேதி தேதியாப் பார்த்தேன். என் கண்ணுல தப்பினது எல்லாம் அவன்கிட்ட அப்படியே இருக்கு. வைகாசியில ஒரு சுபமுகூர்த்தத்துல த் விட்டுப்போச்சு, அங்கயும் இல்லை. சஷ்டிக்கு ஷ மாறிக் கிடந்துச்சு, அங்கயும் மாறிக் கிடக்கு. சரியா இருக்கிறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, சரியா எழுதினா எல்லாவனும் ஒரே மாதிரிதான் எழுதுவான். தப்புதான் வம்சத்தைக் காட்டிக்கொடுக்கும். அதோட அவன் தன் பங்குக்கு ஒண்ணு சேத்திருந்தான். கரிநாள்னு போட வேண்டிய இடத்துல கறிநாள். முதலாளி சிரிச்ச சிரிப்புல வெத்தலை தெறிச்சுட்டு. ‘அன்னைக்குக் கறி எடுத்துர வேண்டியதுதான் வே!’ நான் சிரிக்கலை. ‘முதலாளி, நாம அவனைப் பார்த்து எழுதியிருந்தா கறிநாளும்லா நமக்கு வந்திருக்கும். நம்ம தப்பு அத்தனையும் அவன்கிட்ட, அவன் தப்பு ஒண்ணு நம்மகிட்ட இல்லை. அப்போ மூலம் எது?’ அவரு எழுந்து வந்து எங் கையைப் பிடிச்சாரு. அன்னைக்கு நான் ராஜாதான் போ.

‘புள்ளி கோமதிநாயகம்!’ நம்ம பேருதான். இங்க நாய்க்கு நம்ம பேரை அப்பா பேரு மாதிரிப் பின்னால போட்டுக் கூப்பிடுதாவ, சிவசைலத்துக்கு ஒரு தம்பின்னு வச்சுக்கிட வேண்டியதுதான். எந்திரி. வா. ஷமீலா கையுறையை மாட்டிக்கிட்டுப் புள்ளி வயித்தைப் பார்க்கா, பார்த்துட்டு, ‘உக்காருங்க சார்’ங்கா. பெரிய ஆஸ்பத்திரியிலயும் உக்காருங்கன்னுதான் ஆரம்பிச்சாவ. ‘சொல்லும்மா, நாய்தானே?’ ‘இல்லை சார்.’ ‘நல்லாப் பாத்தியா?’ ‘பார்த்தேன் சார். புள்ளிகிட்ட இருக்கிறது நாய்கள்கிட்ட நான் பார்க்கிற கிருமியே இல்லை. நான் எடுத்த அத்தனை நாயில எதுகிட்டயும் இந்த வகை இல்லை. இது மனுஷங்களோடது. ஆஸ்பத்திரிகள்ல நடமாடுற வகை, சாதாரண மருந்துக்கு மசியாது.’ வடிவு புண்ணுலேருந்து எடுத்து வளத்த கிருமியையும் அந்த ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கி வச்சிருந்தா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத் திரையைத் திருப்புதா. மேல ஒரு வரி, கீழ ஒரு வரி. ‘ரெண்டும் ஒண்ணுதான் சார், கிட்டத்தட்ட. அம்மாவோடதுல இருக்கிற மாற்றம் எல்லாமே புள்ளியோடதுலயும் இருக்கு. புள்ளியோடதுல மட்டும் கூட ஒண்ணு...’ போதும்மா. போதும். சொல்லவேண்டாம், எனக்குத் தெரியும், கூட ஒண்ணு யாருகிட்ட இருக்கோ அவன் பார்த்து எழுதினவன். கூட ஒண்ணு இல்லாதது மூலம். கறிநாள், கறிநாள். ஏன் இந்தச் சனியன் எனக்குத் தெரிஞ்சு தொலைச்சுது, ஒரு மளிகைக்கடைக்காரனா இருந்தா புரியாமத் தலையாட்டிட்டுப் போயிருப்பேனே. ‘அடிச்சுச் சொல்ல முடியாது சார், ஆனா அம்மாகிட்டேருந்து புள்ளிக்கு வந்திருக்கத்தான் வாய்ப்பு. அம்மா டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகுதானே இதுக்குக் கொப்புளம் வந்துச்சு?’ ஆமா. வந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு. அதை நான் ஒருநாளும் கணக்குப் போட்டுப் பார்க்கலையே.

புள்ளி ஷமீலா செருப்பை மோந்து பார்க்குது. இதுக்கு என்ன தெரியும். மழையில உள்ள கூப்பிட்டவ கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு, அவ கையை நக்குச்சு, அவகிட்ட இருந்ததை வாங்கிக்கிடுச்சு. நான் என்னடான்னா சாமிகிட்டப் போயி இதைக் காட்டிக்கொடுத்துட்டு வந்திருக்கேன். ஷமீலா பேசிக்கிட்டே இருக்கா, நான் பாதியிலேருந்துதான் கேக்கேன். ‘...கேட்கிற மருந்து இருக்கு சார், அதான் நல்ல விஷயம். எதுக்கு மசியும்னு இதுல தெரிஞ்சுடுச்சு. பெரிய டாக்டர்கிட்ட நானே பேசிட்டேன், இன்னைக்கே அம்மாவுக்கு மருந்தை மாத்துறாங்க. புள்ளிக்கு நான் பார்த்துக்கிறேன்.’ ‘ஆறிருமாம்மா?’ ‘ஆறணும் சார். இத்தனை நாளா வேற பூட்டுக்கு வேற சாவி போட்டுக்கிட்டு இருந்தோம்.’ ‘அப்போ நாயை?’ ‘அனுப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை, கிருமி அம்மாகிட்டயே இருக்கே. புண்ணு மூடுற வரைக்கும் ரெண்டு பேரையும் தனித்தனி அறையில வைங்க, நக்க விடாதீங்க. கட்டு மாத்தின கையை நல்லாக் கழுவாம இதைத் தொடாதீங்க. அது போதும்.’ நான் என் ரெண்டு கையையும் பார்க்கேன். ஒண்ணும் தெரியலை, ரேகைதான் தெரியுது. எழுந்திருக்கும்போது, ‘அந்தப் போர்டுல மூணு ஒற்று விட்டுப்போச்சும்மா’ன்னு வாய் தன்னால சொல்லுது. ‘சரி சார், சொல்லிடுறேன்’னு அந்தப் பிள்ளை எந் தோளைத் தட்டுதா. எங் கண்ணைப் பார்த்துட்டா போல.

வெளிய வந்து போனை எடுத்து வச்சுக்கிட்டு நிக்கேன். வெயில் சுள்ளுன்னு அடிக்குது. வடிவுகிட்ட என்ன சொல்ல? தெரியலையாம்னு சொல்லிரலாம். யாருகிட்டேருந்து யாருக்குன்னு கண்டுபிடிக்க முடியலையாம், எப்படியோ மருந்து கிடைச்சுட்டு, நாயும் இருக்கலாமாம். சொன்னா என்ன, அந்தப் பிள்ளையே அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுதானே சொன்னா. சொல்லு, கோமதிநாயகம், ஒரு எழுத்தை விட்டுட்டுச் சொல்லு, எவன் வந்து பார்க்கப்போறான். முதல் மணியிலயே எடுத்துட்டா, போனை நெஞ்சுல வச்சுக்கிட்டே கிடந்திருப்பா. ‘என்ன சொன்னாவ?’ ‘மருந்து இருக்காம்டி. ஆறிருமாம். பெரிய டாக்டர்கிட்டயும் பேசிட்டாவ.’ ‘அதை விடுங்க. புள்ளி?’ ‘அனுப்பவேண்டாம்னுட்டாவ. நம்மகூடவே இருக்கலாம்.’ ‘சரி. யாருகிட்டேருந்து யாருக்கு?’ நான் வாயைத் திறக்கேன். தெரியலையாம், அவ்வளவுதான், ஒரே ஒரு சொல்லு, போனை இந்தக் காதுலேருந்து அந்தக் காதுக்கு மாத்துதேன். ‘சொல்லுங்க. எதையும் மறைக்கத் தெரியாது உங்களுக்கு, மூச்சு விடுறதுலயே தெரியுது.’ ‘உங்கிட்டேருந்துதான் வடிவு. அதுக்குப் போயிருக்கு.’ போன்ல அவ தலைக்கு மேல ஃபேன் சுத்துறது கேக்குது, அந்த ஃபேனுக்கு எண்ணெய் விடணும்னு எத்தனை நாளாச் சொல்லுதா. அழுதாலாவது ஏதாவது சொல்லித் தேத்தலாம். ‘யார் மேலயும் தப்பு இல்லைட்டி, ஆஸ்பத்திரியில இருக்கிறதாம், நாம என்ன வேணும்னா...’ ‘சிவசைலத்துக்கு நீங்க போன் போடாதீங்க.’ ‘ஏன்?’ ‘நான் போட்டுக்கிடுதேன்.’ ‘என்னன்னு சொல்லப்போறே?’ மூக்கை உறிஞ்சுதா. பொறவு நல்லாத் தெளிவாத்தான் சொல்லுதா, எந்திரிச்சு உக்காந்துட்டா போல. ‘சீக்கைக் கொடுத்தது எதுவோ அதை வீட்டை விட்டு அனுப்பணும்னாம்லா? காலையில வேன் வரட்டும். நான் ஏறிக்கிடுதேன்.’